நாலாயிரம் ஹெர்ட்ஸ்

6 மே 2025, செவ்வாய்

இன்று எங்கள் காது மெஷின் கடையில் பதினொரு பேருக்குக் காது பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, ‘பீப்’ கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்று பதினொரு தடவை சொன்னேன். ஒரு பெரியவர் நான் சத்தமே கொடுக்காதபோதும் அமுக்கினார். பிடிபட்டதும், “கேக்கலன்னு சொன்னா வீட்ல ஏசுவாங்கம்மா” என்றார்.

மதியம் கடைக்கு வெளியே, தெங்கு கெலானா சாலை முனையில் மின்சாரப் பெட்டி முனகுவதைப் பதிவு செய்தேன். பூக்கடை அக்கா, “என்னம்மா, பெட்டிகிட்ட மைக் நீட்டுற? பேட்டியா?” என்று கேட்டுச் சிரித்தார். முதலாளி வாசு அதற்கு மேல். “ஆம்பியண்ட்னா என்ன லோகா, மசாஜ் சென்டர்ல போடுவாங்களே, அதுவா?” ஆமாம் boss என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எத்தனை பேருக்கு விளக்குவது? பாட்டு இல்லை, தாளம் இல்லை. சத்தங்களை எடுத்து நீட்டி, மெலிதாக்கி, ஒன்றின்மேல் ஒன்றைப் படரவிடுகிறேன். அதன் நடுவில் ஒரு மனிதர் கவிதை சொல்கிறார். அவ்வளவுதான்.

அந்த மனிதர் சிவநேசன் அண்ணன். ஸ்ரீ கெம்பாங்கானில் டின் மூடி செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக மெஷின் ஓட்டுகிறார். போன வருடம் பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி ஒன்றில் நடந்த கவிதை மேடையில் தாள் எதுவும் இல்லாமல் நின்று பேசினார். அன்றே போய், “அண்ணே, உங்க குரலுக்கு நான் சத்தம் பண்ணட்டுமா?” என்று கேட்டேன். இப்போது எங்களிடம் ‘மூடி’ என்று ஒரு படைப்பு இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம். பதினெட்டாம் தேதி முதல் முறையாக மேடை ஏறுகிறது.

11 மே, ஞாயிறு

சாலாக் செலாத்தானில் அண்ணன் வீட்டில் கடைசி ஒத்திகை. அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் அசைத்தால் ஆரம்பிப்பார். முடிந்ததும் வழக்கம்போல, “நல்லா இருக்கு லோகா, ரொம்ப நல்லா இருக்கு.” அவர் மனைவி அமுதவள்ளி அக்கா வடையும் பால் ஊற்றாத தே ஓவும் கொடுத்தார்.

எனக்குத்தான் இரண்டாவது பகுதியில் சந்தேகம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் இரைச்சலை அறுபது மடங்கு நீட்டியிருக்கிறேன். கூடிவிட்டதோ என்று கேட்டேன். “ஒண்ணும் மாத்தாத” என்றார்.

18 மே, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இன்றே எழுத வேண்டும். விட்டால் நாளைக்கு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம். மதியம் மூன்று மணி. எண்பது பேர் இருக்கும். அண்ணன் மேடையின் முன்னால், கூட்டத்தைப் பார்த்து, தொடங்கும்போது மட்டும் ஒரு தடவை திரும்பி என் தலையசைப்பைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் ஓரமாக, மேசையும் மடிக்கணினியும் சின்ன சிந்தசைசருமாக. முதல் பகுதி நன்றாகப் போனது. அவர் அந்த வரிகளைச் சொன்னார்:

நிமிடத்துக்கு முன்னூறு மூடி அடிக்கிறேன்.
ஒவ்வொன்றும்
யாரோ ஒருவர் வாய்க்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது.

மண்டபம் அப்படியே நின்றது. நான் இரண்டாவது பகுதியைத் தொடங்கினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முன் வரிசையில் பொன்னாடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் காதைப் பொத்திக் காட்டினார். நிகழ்ச்சியை நடத்தும் இலக்கியச் சங்கத்தின் செயலாளர் யுகேந்திரன் எழுந்து என் பக்கம் வந்தார். தண்ணீர் வைக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். குனிந்தார். ஒயரைப் பிடுங்கினார்.

என் விரல் குமிழின்மேல் இருக்கிறது. திரையில் அலை ஓடுகிறது. மண்டபத்தில் ஒன்றுமே இல்லை. எண்பது பேருக்கு முன்னால் நான் ஊமை மெஷினைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதுகூடப் பரவாயில்லை. சிவநேசன் அண்ணன் நிறுத்தவே இல்லை! திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டு நிமிடம், ஒன்றும் நடக்காதது போலத் தானே சொல்லி முடித்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவருக்கு.

யுகேந்திரனிடம் கேட்டேன். “கவிதை கேக்கலன்னாங்கம்மா. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் மாதிரி ஒரு சத்தம். கெஸ்ட்டு முகம் சுளிக்கிறாரு, என்னை என்ன பண்ணச் சொல்ற?” ஃப்ரிட்ஜ்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் பிடுங்கலாமா? அவர் வீட்டுக்குப் போய் அவர் பேசும்போது நான் வாயைப் பொத்தினால் விடுவாரா?

படியில் அண்ணன் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “லோகா, பிரமாதம்! கடைசியில இறக்கிட்டு வந்த பாரு, அந்த இடம், எனக்கே புல்லரிச்சிருச்சு.”

கடைசி என்று ஒன்று இல்லவே இல்லை. எதை இறக்கினேன்?

இவ்வளவு கேலி செய்ய நான் அவருக்கு என்ன செய்தேன்? முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

21 மே, புதன்

மூன்று நாளாகக் குறுஞ்செய்தி அனுப்புகிறார். ‘என்ன கோபம் லோகா?’ ‘உடம்பு சரியில்லையா?’

நடிப்பு. சுத்த நடிப்பு.

24 மே, சனி

சங்கத்தின் முகநூல் பக்கத்தில் காணொளி போட்டிருக்கிறார்கள். ‘கவிஞர் சிவநேசனின் மூடி.’ இரண்டு நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை. நான் இருக்கிறேன், பின்னால் பாதி தலை.

ஒருத்தர் எழுதியிருக்கிறார்: ‘இசை இல்லாமலே என்ன கம்பீரம்!’

இசை இல்லாமலே. இல்லாமலா? இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இல்லாமலே என்பார்களாம்! ஏழு மாதம். கிள்ளான் ஆற்றுப் பாலம், மின்சாரப் பெட்டி, லோரிகள் பின்னோக்கி வரும்போது அடிக்கும் மணி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த ஏழு மாதம்.

நானும் ஒன்று செய்தேன். ஒத்திகைப் பதிவிலிருந்து அவர் குரலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை இணையத்தில் ஏற்றினேன். அவர் பேச வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக இருக்கும். தலைப்பு: ‘மூடி, குரல் இல்லாமலே.’

அறுபத்தொரு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நன்றாக இருக்கட்டும்.

4 ஜூன், புதன்

அமுதவள்ளி அக்கா கடைக்கே வந்துவிட்டார். வேலைக்கு விடுப்புப் போட்டு, சாலாக்கிலிருந்து ரயில் மாறி. நான் எழுந்து நாற்காலி போடுவதற்குள், “அவரு குரலை வெட்டிப் போட்டுட்டியாமே? மக காட்டுனா” என்றார்.

நானும் விடவில்லை. “அண்ணன் என்னை மேடையில விட்டுட்டுப் போனாரே, அது? மியூசிக்கைப் பிடுங்கினப்போ ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கலாம்லக்கா?”

“எப்படித் திரும்புவாரு? அவருக்குத்தான் தெரியாதே!”

“என்ன தெரியாது?”

“நின்னது தெரியாது. காது கேக்கல லோகா. அந்த வீடியோவுல செயலாளர் குனியறதப் பாத்துத்தான் அவருக்கே தெரிஞ்சிச்சு. அன்னைலேர்ந்து ஒழுங்கா சாப்பிடல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்காரு.”

அக்கா அழவில்லை. கோபமாகத்தான் இருந்தார். எழுந்து போகும்போது கண்ணாடி அறையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ காது பாக்குற பொண்ணு. ஒரு வருஷமா வீட்டுக்கு வந்து போற. உனக்கும் தெரியலியா?”

5 ஜூன், வியாழன்

தெரியவில்லை.

வேலைப் பழக்கத்தில் நான் எல்லாரிடமும் முகத்தைப் பார்த்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவேன். காது கேட்காதவருக்கு இதைவிட வசதி கிடையாது. என் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்திருக்கிறார். என் தலையைப் பார்த்தே ஆரம்பித்திருக்கிறார். போனில் பேசாமல் எப்போதும் எழுதி அனுப்புவாரே. கவிஞர், எழுதப் பிடிக்கும் என்று நினைத்தேன்!

ஆனால் கோபம் போகவில்லை. கூடித்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரு வருடமாக எதைக் கேட்டு ‘நல்லா இருக்கு’ என்றார்? நான் ஒவ்வொரு இழையாக மாற்றிக்கொண்டுபோய்க் காட்டுவேன். கண்ணை மூடிக் கேட்பார். தலையை ஆட்டுவார். அவர் முகத்தை நம்பி நான் முடிவெடுத்திருக்கிறேன். சுவரிடம் காட்டியிருந்தாலும் ஒன்றுதான்.

ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன விட்டுட்டா ஓடியிருப்பேன்?

குரல் இல்லாத பதிவை இன்று காலை எடுத்துவிட்டேன்.

14 ஜூன், சனி

அண்ணனைக் கடைக்கு வரச் சொன்னேன். வந்தார். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, கோயிலுக்கு வருகிற மாதிரி. மன்னிப்பு என்று ஆரம்பித்தார். “முதல்ல உள்ள உக்காருங்கண்ணே” என்றேன்.

முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்தேன். கண்ணாடி வழியாக என் கையைப் பார்க்கிறார். நான் விசையை அழுத்தும் நேரம் பார்த்து அவரும் பொத்தானை அமுக்குகிறார். கோப்பு ஒன்றை எடுத்துக் கையை மறைத்துக்கொண்டேன். அவர் முகம் மாறியது. அதற்கப்புறம் ஒழுங்காக உட்கார்ந்தார்.

இருபது டெசிபெல்லுக்குள் கேட்டால் நல்ல காது. எண் ஏற ஏறக் கேள்வி குறைவு. அவருக்குக் கனத்த சத்தத்தில் ஐம்பது. பேச்சு வருகிற இடத்தில் அறுபத்தைந்து. நாலாயிரம் ஹெர்ட்ஸில், மெல்லிய ‘கீ’ என்ற சத்தத்தில், எண்பதுக்கு ஏற்றினேன். அதற்கு அப்புறம்தான் விரல் அசைந்தது. இரண்டு காதும் அதேதான். வயதானால் இப்படி வராது, அவருக்கு நாற்பத்தேழுதான். நாலாயிரத்தில் இப்படிக் குழி விழுந்தால் அது மெஷின் சத்தம் தின்ற காது. இப்படி ஆயிரம் காது வரைபடம் பார்த்திருக்கிறேன்.

என் இசை முழுக்க அந்த மெல்லிய இடத்தில்தான் இருக்கிறது.

“கம்பெனியில காது டெஸ்ட் பண்ணலியா?” என்று கேட்டேன். சட்டப்படி வருடா வருடம் செய்தாக வேண்டும்.

“பண்றாங்களே. வருஷா வருஷம் நார்மல்னுதான் வருது. அதனால நானும், நமக்குத்தான் கவனம் இல்லபோலன்னு நெனச்சிட்டேன் லோகா. வீட்ல டிவி சத்தம் வைக்கிறப்ப அமுதா கத்துவா. மேடையில யாராச்சும் கேள்வி கேட்டா சும்மா சிரிப்பேன். நார்மல்னு பேப்பர்ல போட்டிருக்கே, அப்புறம் நான் யார்கிட்ட போய் கேக்கலன்னு சொல்றது?”

“யாருண்ணே டெஸ்ட் பண்றது?”

“ஒரு வேன் வரும். பச்சை வேன்.”

கடைக்குப் பின்னால் நிற்கிறது அந்த வேன். எங்கள் வேன். தொழிற்சாலைகளில் காது சோதிக்க வாசு ஓட்டிப் போகும் வேன்.

வேன் யாருடையது என்று சொல்லாமலே அண்ணனை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தேன்.

16 ஜூன், திங்கள்

வாசு ஷா ஆலாம் போயிருந்தார். கோப்புகளைத் திறந்து பார்த்தேன்.

சிவநேசன். 2022: 15, 15, 20, 20. 2023: 15, 15, 20, 20. 2024: 15, 15, 20, 20. ஒரு மனிதனின் காது மூன்று வருடம் ஓர் எண்கூட மாறாமல் இருக்குமா? அடுத்த பெயர். அதே எண்கள். அடுத்தது. அதே. அந்தத் தொழிற்சாலையில் மட்டும் அறுபத்திரண்டு பேர். முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே காது!

யாரும் யாரையும் சோதிக்கவே இல்லை. அல்லது பாதியில் விட்டுவிட்டு, மீதியை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு சாப், முத்திரை. பக்கத்தில் சின்னக் கையெழுத்து.

என் கையெழுத்து.

ஆமாம், நான்தான். வாசு கட்டாகக் கொண்டுவந்து வைப்பார், “லோகா, சாப் போட்டுக் கொடு லா, போஸ்ட் போகணும்.” பக்கத்தைப் புரட்டாமல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 2022. 2023. 2024. அண்ணனைச் சந்தித்ததற்கு அப்புறமும். அவர் கவிதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வந்த அதே மாதம்.

யாரோ ஒயரைப் பிடுங்கியதற்கு ஒரு மாதமாகக் குதித்துக்கொண்டிருக்கிறேன்.

17 ஜூன், செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

வாசு முதலில் சிரித்தார். அப்புறம் கதவைச் சாத்தினார். “அறுபது பேரை ஒரு காலையில எப்படி லா டெஸ்ட் பண்றது? வேனுக்குள்ளயே மெஷின் சத்தம் கேக்கும். ஃபேக்டரிக்கு நார்மல் வேணும், கொடுத்தோம். எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க. யாருக்காச்சும் வலிச்சிச்சா?”

“காது போறப்ப வலிக்காது boss. அதான் அத்தனை பேரும் சும்மா இருக்காங்க.”

“சாப் உன்னோடது. ஞாபகம் வெச்சிக்க.”

“ஞாபகம் இருக்கு. அதனாலதான் கேக்கறேன்.”

வேலைக்கு வந்து ஒன்பது வருடம். மேசையில் என் பொருள் என்று ஒரு குவளையும் ஒரு குடையும்தான் இருந்தன. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த முப்பத்தெட்டுப் பேரின் அறிக்கை நகலும் பையில் இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

சாலாக் போய் எல்லாவற்றையும் மேசைமேல் விரித்து வைத்தேன். என் கையெழுத்தையும் காட்டினேன். அமுதவள்ளி அக்கா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார். இன்று வடை இல்லை, தே ஓ இல்லை. சரிதான்.

“நாளைக்கே தொழிலாளர் பாதுகாப்பு இலாகாவுக்குப் போலாம்ணே. நானும் வந்து என் தப்பைச் சொல்றேன்.”

அண்ணன் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. “மெஷின்லேர்ந்து எடுத்துருவாங்க லோகா. கூட்டற வேலைக்குப் போட்டுருவாங்க. மக இந்த வருஷம் ஃபார்ம் ஃபைவ் பரீட்சை எழுதுறா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மேடையில மட்டும் வாயை மூடமாட்டேன்னு சொல்றீங்க?”

அவர் கண் சிவந்தது. எழுந்து நின்றார். “என் காது. என் வேலை. எப்ப சொல்லணும், எங்க சொல்லணும்னு நான் சொல்றேன். நீயும் வாசு மாதிரியே எனக்குப் பதிலா சாப் போடாத.”

ரயிலில் வரும்போது முழுக்க அந்த வார்த்தைதான். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது. அதுவும் ஒரு கோபம்.

3 ஜூலை, வியாழன்

என் தவற்றை மட்டும் எழுதி இலாகாவில் கொடுத்துவிட்டேன். அண்ணன் பெயரை எழுதவில்லை. அதிகாரி ஒரு மலாய் அம்மா. இரண்டு தடவை படித்துவிட்டு, உன்மேலும் நடவடிக்கை வரலாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

13 ஜூலை, ஞாயிறு

அண்ணனிடமிருந்து செய்தி. ‘யுகேந்திரன் கூப்பிட்டார். செப்டம்பர் 14 சங்க விழா. மறுபடி மூடி சொல்லணுமாம். மியூசிக் வேணாமாம். லோகா இல்லாம நான் இல்லைன்னு சொல்லிட்டேன்.’

பத்து நிமிடம் கழித்து இன்னொன்று: ‘அங்கதான் சொல்லப்போறேன். நீ கொடுக்கற பீப் சத்தத்தை மேடையில கொடுக்க முடியுமா? நான் கேட்டா கையைத் தூக்கறேன். கேக்கலன்னா சும்மா உக்காந்திருக்கேன். ஜனங்க பாக்கட்டும்.’

மூன்று முறை படித்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை மாதமாக நான் தேடித் தேடிச் சேர்த்ததையெல்லாம்விட இது பெரிய யோசனை. அவர் காதில் விழாத இசையையே இசையாக வைக்கச் சொல்கிறார்.

2 ஆகஸ்டு, சனி

அண்ணன் அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனை செய்துகொண்டார். நான் எடுத்த வரைபடமும் அவர்கள் எடுத்ததும் ஒன்றுதான். அவர்கள் கொடுத்த சோதனைக் கடுதாசியை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

ஒத்திகையில் இந்த முறை என் தலையைப் பார்க்கவில்லை. என்னிடம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அமுதவள்ளி அக்கா வாசலில் நின்று கேட்டார். போகும்போது தே ஓ கொடுத்தார்.

14 செப்டம்பர், ஞாயிறு

அதே மண்டபம். என் சொந்த ஸ்பீக்கரைக் கொண்டுபோனேன். ஒயரை என் நாற்காலிக் காலில் சுற்றி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். யுகேந்திரன் வந்து, “சத்தம் கொஞ்சம் கம்மியா...” என்று ஆரம்பித்தார். “இந்தத் தடவை ஒயரைத் தொட்டீங்கன்னா நான் இங்கயே கத்துவேன்” என்றேன். போய் உட்கார்ந்தார்.

அண்ணன் நாற்காலி போட்டுக் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தார். ஹெட்ஃபோன் இல்லை. கை முழங்காலில். முன்னுரை எதுவும் இல்லை. “சத்தம் கேட்டா கையைத் தூக்குவேன்” என்றார், அவ்வளவுதான்.

முதலில் கனத்த சத்தம், சாமான் லோரியின் எஞ்சின் மாதிரி. கை உயர்ந்தது. மெதுவாகக் கீழே மூடித் தொழிற்சாலையின் இரைச்சலைப் படரவிட்டேன், மிக மெலிதாக. அடுத்தது இன்னும் கொஞ்சம் உயரம். கை கொஞ்சம் தாமதமாக உயர்ந்தது. அடுத்தது. உயரவில்லை. கூட்டம் காத்திருந்தது. அடுத்தது. உயரவில்லை. நாலாயிரம். ஊசி மாதிரி மண்டபம் முழுக்கக் குத்துகிறது. முன் வரிசைக்காரர் முகத்தைச் சுளிக்கிறார். அண்ணன் சும்மா உட்கார்ந்து, எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாவுக்குத் தாங்கவில்லை. “தம்பி, அடிக்குது தம்பி, கையத் தூக்குங்க!” என்று கத்திவிட்டார்.

அண்ணனுக்கு அதுவும் கேட்கவில்லை.

நான் இசையை அப்படியே நிறுத்தினேன். முன் வரிசை முகங்கள் தளர்ந்ததைப் பார்த்து அவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கடுதாசியை எடுத்துப் பிரித்துக்கொண்டு சொன்னார்:

மூன்று வருடம் என் காது
மாறவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.
மாறாத காது
செத்தவனுக்குத்தான் இருக்கும்.
நான் இருக்கிறேன்.
அறுபத்திரண்டு பேர் இருக்கிறோம்.
யாராவது வந்து, நிஜமாகவே,
எங்கள் காதில் ஒரு சத்தம் கொடுத்துப் பாருங்கள்.

யாரும் கைதட்டவில்லை. யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

நான் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டு அவர் தொழிற்சாலையிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். நாலாயிரம் அடித்தபோது மண்டபமே நெளிந்தது. அந்த ஐந்து பேர் மட்டும் அசையவில்லை. முன்னால் இருப்பவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதில் ஒருவர், கிஷன் என்று பிறகு தெரிந்தது, முப்பது வயதுகூட இருக்காது, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். வாயசைவிலேயே எனக்குப் புரிந்தது.

“என்ன சத்தம்?”

17 செப்டம்பர், புதன்

ஐந்து பேரும் ஆஸ்பத்திரிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் அவர்களைக் கூட்டிக்கொண்டு இலாகாவுக்கும் போனார். நான் வாசலோடு நின்றுவிட்டேன். அவர் உள்ளே போய் அவரே பேசினார்.

யுகேந்திரனிடமிருந்து செய்தி: ‘நிகழ்ச்சிக் காணொளியில் உங்கள் பெயரும் போடணும். முழுப் பெயர் என்ன?’ மேயில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. லோகேஸ்வரி என்று எழுதி அனுப்பினேன். நன்றி சொல்லவில்லை.

9 அக்டோபர், வியாழன்

பச்சை வேனில் இலாகாவின் சீல் ஒட்டியிருக்கிறதாம். பூக்கடை அக்கா சொன்னார். கடை பாதிக் கதவு சாத்தியபடி கிடக்கிறதாம். வாசு போன் செய்தார், நான் எடுக்கவில்லை. எனக்கும் விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. போய் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது.

அண்ணனை மெஷினிலிருந்து எடுத்துப் பொட்டலம் கட்டும் பிரிவில் போட்டார்கள். அவர் பயந்தபடியே. ஆனால் அந்த மெஷின் பக்கத்தில் இப்போது நல்ல காது மூடிகள் தொங்குகின்றனவாம், கிஷன் படம் அனுப்பினான். இருபத்திரண்டு வருடமாக எங்கே வைத்திருந்தார்கள் அவற்றை? ஒரே வாரத்தில் வாங்க முடிந்ததே!

2 நவம்பர், ஞாயிறு

அண்ணனுக்குக் காது மெஷின் வந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பொருத்திப் பத்து நாள் ஆகிறது. அமுதவள்ளி அக்காவைக் கடுகு தாளிக்க வேண்டாம் என்கிறாராம், சத்தம் தாங்கவில்லையாம்.

புதுக் கவிதை ஒன்று எழுதியிருக்கிறார். மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பற்றி. மூன்று வாரம் உட்கார்ந்து அதற்கு இசை செய்திருந்தேன். இன்று கொண்டுபோய்ப் போட்டேன். கண்ணை மூடவில்லை. ஸ்பீக்கரை முறைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவையும்.

“இந்த டிக் டிக் டிக் என்னது?”

“காரோட இன்டிகேட்டர்ணே. அதை நீட்டியிருக்கேன்.”

“ரொம்ப இழுக்குது. எனக்கு எரிச்சலா இருக்கு. வெட்டு.”

“அதுதான் முக்கியமான இடம்!”

“யாருக்கு? நான் பேசறப்ப அது குறுக்க வருது லா. ஆறு டிக் போதும்.”

“ஆறு டிக்கா? என்ன தெரியும்ணே உங்களுக்கு?”

“இப்பத் தெரியுது. கேக்குதுல்ல.”

ஒரு மணி நேரம் சண்டை. அவரும் கத்தினார், நானும் கத்தினேன். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அமுதவள்ளி அக்கா தட்டை வைத்து, “ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க” என்றார். சாப்பிட்டுவிட்டும் போட்டோம்.

ஒரு டிக்கூடக் குறைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி போட்டுக் கேட்டேன். ஆறுதான் சரி. அவரிடம் சொல்லமாட்டேன்.